பொருளாளர்

கோர்ன்வால் நகர வாத்தியக் குழுவின்
கணக்குக் கொப்பி என்னட்டைத்தான் இருக்கு.
நீல மட்டை. முதல் பக்கத்தில காப்பிக் கறை.
கறை ஆரின்ர எண்டு கேட்டால் அவர் சிரிப்பார்.

அவர் என்ர மனிசன், பிலேந்திரன்.
இரவில கிடங்கில ஃபோர்க்லிஃப்ட்.
செவ்வாய்க்கிழமை மட்டும் ஏழு மணிக்கு
லீஜன் மண்டபத்து நிலவறையில
முப்பத்தொரு பேருக்கு முன்னால ஒரு கோல்.

தலைவராய் வந்த கதை பெரிசொண்டுமில்லை.
மூண்டாம் ட்ரம்பெட் வாசிச்சுக்கொண்டிருந்தவர்.
பழைய தலைவர் மகளோட கல்கரிக்குப் போயிட்டார்.
கூட்டம் வைச்சவை. எல்லாரும் தங்கட சப்பாத்தைப் பார்த்தவை.
பெரிய ட்ரம் ஏத்தக்கூடிய வான்
எங்களிட்டைத்தான் இருந்தது.
கை தட்டினவை.
வானுக்குத்தான் தட்டினவை எண்டு
அண்டைக்கே சொல்லிப்போட்டன்.

வரவு: மேபிள் விழா, நூற்றைம்பது டொலர்.
செலவு: லூக் திபோடோவின்ர க்ளாரினெட்டுக்கு ரீட் ஒரு பெட்டி.
செலவு: ஊர்வலத்தில துலைஞ்ச தொப்பி, இரண்டு.

ஊர்வலம் டிசம்பரில. லொறிக்குப் பின்னால, மைனஸ் பதினெட்டில.
வால்வு உறைஞ்சு நிண்டிடும்.
டியூபாவுக்குள்ள எச்சில் கட்டியாகும்.
ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில
வாய்முனையைக் கமக்கட்டுக்குள்ள வைச்சு நடப்பினம்,
எல்லாரும் காய்ச்சல் பார்க்கிற பிள்ளையள் மாதிரி.

நவம்பர் பதினொண்டில அவருக்குத் தனி வேலை.
நினைவுத்தூணடியில, செத்த சிப்பாய்களுக்கு,
ஒற்றை ட்ரம்பெட்.
ஊத முதல் ஒரு மூச்சு இழுப்பார்.
அது கனநேரம் இழுபடும்.
அதுக்குள்ள ஆர் ஆர் வந்து போகினமெண்டு
இருபத்திரண்டு வருசமா நான் கேட்கேல்லை.
கொப்பியில அதுக்கு நிரல் இல்லை.

இந்தப் பெப்ரவரியில, வாசல் ஐஸில சறுக்கினவர்
ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு
முகத்தைக் குடுத்திட்டார்.
முன்பல் ரெண்டு.
ட்ரம்பெட்டில ஒரு கீறலும் இல்லை.

பல்லுக்கு நாலாயிரத்து அறுநூறு.
குழுவின்ர இருப்பு முந்நூற்றுப் பதினொண்டு, நாப்பது சதம்.
அதில எடுங்கோ எண்டு டோரீன் எழும்பிச் சொன்னவ,
ஃபிரெஞ்ச் ஹோர்ன் வாசிக்கிறவ.
ட்ரம்தோல் பிய்யுது, முதல் அதைப் பாருங்கோ
எண்டார் இவர், பல்லில்லாத வாயால.

புதுப் பல் வந்தது. வெள்ளை கூடிப்போச்சு.
குளியலறைக் கதவைச் சாத்திப்போட்டு ஊதுவார்.
மேல் சுரத்தில காத்து மட்டும் வரும்,
கேத்தில் கொதிக்க முதல் வாற சத்தம்.
பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஊதினார்,
எனக்குக் கேட்கக் கூடாதெண்டு.
தண்ணி பில் கூடினது. அது எங்கட கணக்கு.

நவம்பர் வந்தது.
வேற ஆளைப் போடுவம் எண்டன். ஓமெண்டார்.
போடேல்லை.

தூணடியில ஆத்துக் காத்து.
பஸ் ஒண்டு வந்து நிண்டு எஞ்சினை நிப்பாட்டினது.
அதே நீட்டு மூச்சு.
பிறகு முழுதையும் ஒரு ஸ்தாயி கீழ இறக்கி,
வால்வுகளை அமுக்கி அமுக்கி,
மேல ஏறாமல், நெஞ்சு உயரத்திலேயே
நடந்து முடிச்சார்.
ஒரு இடத்தில கிழிஞ்சது.
ஓடித் தப்பேல்லை. கிழிசலிலேயே கொஞ்சம் நிண்டார்.
சக்கர நாற்காலியில இருந்த கிழவர்
கழட்டின தொப்பியைத் திருப்பிப் போடேல்லை.

மாலை வைச்ச மனிசி ஒண்டு வந்து
இது புதுசோ எண்டு கேட்டுது.
பழசுதான், பல்லுத்தான் புதுசு எண்டார்.

வீட்டை வந்து கொப்பியைத் திறந்தன்.
செலவு: ட்ரம்தோல், நூற்றெண்பது.
வரவு எண்டு எழுதி
பேனையைக் கனநேரம் பிடிச்சுக்கொண்டிருந்தன்.
குசினியில அவர் வாய்முனையைக் கழுவிக் கவிழ்த்துவைச்சு
ஊர்வலத்துக்கு முதல்
வானுக்கு டயர் மாத்தவேணும் எண்டார்.

அது ஆரின்ர கணக்கு எண்டு கேட்டன்.